வற்றிய அடிபம்புக்கு ஒரு செம்புத் தண்ணீர்: மனச்சோர்வில் விஆர் ஹெட்செட்டைப் பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

அடிபம்பு வைத்திருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். நாலு நாள் யாரும் தொடாமல் விட்டால் பம்பு காற்று வாங்கிவிடும். கைப்பிடி லொடலொடவென்று ஆடும், தண்ணீர் வராது. கீழே தண்ணீர் இல்லாமல் இல்லை. ஒரு செம்புத் தண்ணீரை மேலே ஊற்றி, உள்ளே இருக்கும் வாஷர் நனைந்த பிறகு அடித்தால்தான் ஏறும். அந்தச் செம்புத் தண்ணீரைக் குடிப்பதற்காக யாரும் ஊற்றுவதில்லை.

ஹெட்செட்டைத் தலையில் மாட்டியதும் வேறோர் இடத்துக்குள்ளேயே இருப்பதுபோல் காட்டும் தொழில்நுட்பம் விர்ச்சுவல் ரியாலிட்டி, சுருக்கமாக விஆர். மனச்சோர்வில் அதற்கு இருக்கும் இடம் அந்தச் செம்புத் தண்ணீரின் இடம்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடற்கரையைப் பார்த்தால் நோய் தீர்ந்துவிடும் என்று விற்பவர்களும் உண்டு, இதெல்லாம் பொம்மை என்று ஒதுக்குபவர்களும் உண்டு. இரண்டு பேருமே காட்சியை மட்டும் பார்க்கிறார்கள். பலன் பெரும்பாலும் காட்சிக்கு முன்னும் பின்னும் நடக்கும் பேச்சில் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் ஹெட்செட்டைப் பற்றிய பகுதி சிறியது, அதைக் கழற்றிய பிறகு செய்ய வேண்டியது பெரியது.

இது ஏற்கெனவே மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவருக்கும், அவரோடு உட்கார்ந்து உதவப்போகும் ஒருவருக்கும் எழுதியது. அந்த ஒருவர் ஆலோசகராக இருக்கலாம், தம்பியோ மகளோ தோழியோ ஆகலாம். தனியாகச் செய்யும் முறையாக இதை நான் எழுதவில்லை.

படி 1: எது அடைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மனச்சோர்வு என்றதும் அழுகையும் துக்கமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் பலருக்கு அதைவிடப் பெரிய தொல்லை, எதிலும் ருசி இல்லாமல் போவது. பிடித்த சாப்பாடு மண் மாதிரி இருக்கும். பேரன் ஓடிவந்து கட்டிக்கொண்டாலும் உள்ளே ஒன்றும் அசையாது. ‘துக்கமா இருக்கு’ என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், ‘ஒண்ணும் தோணலை’ என்பார்கள். மருந்துகளும் பேச்சு சிகிச்சைகளும் துக்கத்தையும் பதற்றத்தையும் குறைக்கும் அளவுக்கு இந்த ருசியின்மையை அசைப்பதில்லை. விஆர் ஆராய்ச்சி இந்தப் பக்கம் திரும்பியதற்கு அதுதான் காரணம்.

ருசி என்பது ஒரே பொருள் இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மூளை ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜ் எலிகளின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளை ஏறக்குறைய முழுவதும் நீக்கிப் பார்த்தார். அந்த எலிகள் எதிரே இருந்த உணவைத் தேடிப் போகவில்லை. ஆனால் சர்க்கரைத் தண்ணீரை வாயில் விட்டபோது நாக்கால் நக்கி ரசித்தன. வேண்டும் என்ற துடிப்பும் கிடைத்ததை ரசிப்பதும் வேறு வேறு என்று அதிலிருந்து தெரிந்தது. மூன்றாவதாக ஒன்றும் உண்டு: ‘இதைச் செய்தால் நன்றாக இருக்கும்’ என்று மூளை கற்றுக்கொண்டு அடுத்த முறைக்கு நினைவில் வைப்பது.

உங்கள் ஆளுக்கு எது அடைத்திருக்கிறது? கிளம்பவே மாட்டேன் என்கிறார், கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனால் கொஞ்சம் முகம் தெளிகிறது என்றால் துடிப்புதான் அடைத்திருக்கிறது. போன இடத்திலும் கல்லாக உட்கார்ந்திருக்கிறார் என்றால் ரசிப்பு. அங்கே சிரித்தார், மறுநாள் கேட்டால் ‘என்ன போனோம், ஒண்ணும் இல்ல’ என்கிறார் என்றால் நினைவில் தங்கவில்லை. ஹெட்செட் நேரடியாகத் தொடுவது நடுவில் இருக்கும் ரசிப்பை. வீட்டைவிட்டுக் கிளம்பும் பெரும்பாட்டைத் தவிர்த்து, ஒரு நல்ல கணத்தைக் கண்ணெதிரே கொண்டுவந்து வைக்கிறது. மற்ற இரண்டையும் நீங்கள்தான் பேசிச் சேர்க்க வேண்டும்.

இதுவரை நடந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

மிஷெல் கிராஸ்க் என்ற உளவியலாளர் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். துக்கத்தைக் குறைப்பதற்குப் பதிலாக நல்லுணர்வை வளர்ப்பதே அதன் குறி. 2019இல் வெளியான அவர்களது ஆய்வில் 96 பேருக்கு 15 அமர்வுகள் நடந்தன. நல்லுணர்வை வளர்த்த குழு, ஆறு மாதம் கழித்தும் துக்கத்தைக் குறைக்க முயன்ற குழுவைவிட நன்றாக இருந்தது. அதில் ஹெட்செட் இல்லை. ஆனால் பின்னால் வந்த விஆர் முறைக்கு அதுதான் அடித்தளம்.

2021இல் அதே குழு மனச்சோர்வு உள்ள 6 பேருக்கு 13 அமர்வுகள் இனிய விஆர் காட்சிகளைக் காட்டியது. ருசியின்மை, மனச்சோர்வு, பதற்றம் மூன்றும் ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோதும் குறைந்திருந்தன. ஸ்டான்ஃபோர்டில் மார்கோ பால், கிம் புல்லக், ஜெரமி பெய்லன்சன் ஆகியோர் வேறு வழியில் போனார்கள். செயலில் இறங்கவைக்கும் பழைய சிகிச்சை ஒன்று உண்டு: ‘மனநிலை வந்த பிறகு செய்கிறேன் என்று காத்திருக்காதே, செய், மனநிலை பின்னால் வரும்’ என்பது. அந்தச் செயல்களை ஹெட்செட்டுக்குள் செய்யச் சொன்னார்கள். 2024இல் வெளியான அவர்களது ஆய்வில் 26 பேர். ஹெட்செட் குழுவுக்கும் வழக்கமான சிகிச்சைக் குழுவுக்கும் மனச்சோர்வு குறைந்தது, ஒன்று மற்றதைவிட மேல் என்று சொல்ல முடியவில்லை.

6 பேர், 26 பேர் என்ற எண்ணிக்கையைக் கவனியுங்கள். இதை வைத்து யாராவது ‘நிரூபிக்கப்பட்ட சிகிச்சை’ என்று பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். அதேசமயம், வெளியே கிளம்ப முடியாதவர் ஹெட்செட்டுக்குள் செய்தாலும் பலன் குறையவில்லை என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

படி 2: யாருக்கு வேண்டாம்

வலிப்பு வந்த வரலாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். காதில் குரல் கேட்பது, யாரோ கண்காணிக்கிறார்கள் என்ற பயம், ‘நான் நானாகவே இல்லை, சுற்றி இருப்பது நிஜமாகத் தெரியவில்லை’ என்ற உணர்வு இருப்பவர்களுக்கு, நிஜம்போல் இருக்கும் பொய் உலகம் நிலைமையை மோசமாக்கக்கூடும். மனச்சோர்வும் மிகை உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கும் சிகிச்சை தரும் மருத்துவர் ஒப்புக்கொண்டால் மட்டும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், அடிக்கடி தலைசுற்றல் வருபவர்கள், கர்ப்பிணிகள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாவைப் பற்றிய எண்ணம் இருக்கிறவருக்கு முதல் வேலை ஹெட்செட் அல்ல, ஆள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.

இன்னொன்று. சில மனச்சோர்வு மருந்துகளே சிலருக்கு உணர்வை மழுக்கிவிடும், அழுகையும் வராது, சிரிப்பும் வராது. எந்தக் காட்சியைக் காட்டினாலும் அசைவே இல்லை என்றால் இதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவை மாற்றலாம், மருந்தை மாற்றலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

படி 3: கருவியும் இடமும்

மெட்டா குவெஸ்ட் 2 அல்லது 3 போல, கணினி தேவைப்படாத ஹெட்செட் ஒன்று போதும். ஸ்டான்ஃபோர்டு ஆய்விலும் குவெஸ்ட் 2தான். செல்போனைச் செருகும் மலிவான அட்டைப்பெட்டிக் கண்ணாடிகளைத் தவிர்க்கச் சொல்வேன். தலை திரும்பியபின் படம் தாமதமாகத் திரும்பினால் குமட்டல் வரும். முதல் அனுபவமே குமட்டலாகிவிட்டால் மனச்சோர்வில் இருப்பவர் இரண்டாவது முறை வர மாட்டார்.

ஹெட்செட் ஏறக்குறைய அரை கிலோ எடை. முன்பாரம். பின்பட்டை மண்டையின் அடிப்பகுதியைப் பிடித்தால்தான் நிற்கும், அங்கேதான் நம் பெண்களின் கொண்டை இருக்கிறது. தளர்ந்த பின்னலாகப் போட்டு ஒரு தோளில் விட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்த நாளில் நெற்றியில் படும் பஞ்சுக்கு மேல் மெல்லிய துணி ஒன்று வையுங்கள். லென்ஸை உலர்ந்த மென்துணியால் மட்டுமே துடைக்க வேண்டும், ஸ்பிரிட் கூடாது. மூக்குக்கண்ணாடி போடுகிறவர் என்றால் குவெஸ்ட் 2இல் பெட்டியிலேயே வரும் இடைவெளிச் சட்டத்தைப் பொருத்துங்கள், குவெஸ்ட் 3இல் முகத்தில் படும் சட்டத்தையே தள்ளி இடைவெளியைக் கூட்டலாம். இரண்டு லென்ஸுக்கும் உள்ள இடைவெளியை அவர் கண்ணுக்கு ஏற்றபடி சரிசெய்யாவிட்டால் படம் மங்கும், தலை வலிக்கும். ‘தெளிவா தெரியுதா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘தெரியுது’ என்றுதான் சொல்வார்கள். எழுத்து உள்ள ஒரு திரையைக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள்.

கைப்பிடி உள்ள, சக்கரம் இல்லாத நாற்காலியில் உட்காரவைத்துச் செய்யுங்கள். அறைக் கதவு மூடியிருக்கட்டும். குடும்பமே சுற்றி நின்று வேடிக்கை பார்த்து ‘என்ன தெரியுது, என்ன தெரியுது’ என்று கேட்கும் இடத்தில் இது நடக்காது. அவர் பார்ப்பதை உங்கள் செல்போனில் பார்க்கும் வசதி செயலியில் இருக்கிறது. அதை முடுக்கிவிடுங்கள், அவர் எங்கே பார்வையை நிறுத்துகிறார் என்பது பிறகு பேசுவதற்குத் தேவைப்படும்.

படி 4: காட்சியைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ‘அமைதி’ என்றால் மாலத்தீவுக் கடற்கரை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். மாலத்தீவைப் பார்த்தே இராத ஒருவருக்கு அது காலண்டர் படம், அவ்வளவுதான். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவருக்குக் கடல் அமைதியா, அப்பா திரும்பி வராத இரவா என்று கேட்காமல் தெரியாது.

முதலில் உட்கார்ந்து பேசுங்கள். மனச்சோர்வில் இருப்பவரிடம் ‘உங்களுக்கு என்ன பிடிக்கும்?’ என்று கேட்டால் ‘ஒண்ணும் பிடிக்காது’ என்பார், அது பொய்யும் இல்லை. நோய்க்கு முந்தைய காலத்தைக் கேளுங்கள். பள்ளி விட்டதும் எங்கே போவீர்கள்? பேருந்தில் எந்தப் பக்கம் உட்காருவீர்கள்? ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன செய்வீர்கள்? இப்படி உடம்பும் இடமும் கலந்த கேள்விகளுக்குப் பதில் வரும். அதிலிருந்து ஆறேழு காட்சிகள் கொண்ட பட்டியல் போடுங்கள்.

காட்சிகள் இரண்டு வகை. ஒன்று, 360 டிகிரி வீடியோ: நிஜ இடம், நிஜ ஒலி, ஆனால் நீங்கள் தலையைத் திருப்பிப் பார்க்க மட்டும் முடியும். யூடியூபில் ஏராளம் இருக்கிறது. கலிபோர்னியாக் குழு பயன்படுத்தியவை பவளப்பாறைகளுக்கிடையே நீந்துவது, காட்டுக்குள் ரயிலில் போவது போன்ற காட்சிகள். மற்றது, கணினியில் வரைந்த உலகம்: ‘நேச்சர் ட்ரெக்ஸ்’ போலக் காட்டில் நடக்கலாம், ‘டில்ட் பிரஷ்’ போல வெறும் காற்றில் வண்ணம் தீட்டலாம், ‘பீட் சேபர்’ போலப் பாட்டுக்கு ஏற்ப வாள் வீசலாம். முதல் ஆறேழு அமர்வுகள் வீடியோ. பிறகு கை கால் அசையும் விளையாட்டுகள். ஆரம்பத்திலேயே விளையாட்டைக் கொடுத்தால் தோற்றுவிடுவார், ‘எனக்கு இதுகூட வராது’ என்பார். மனச்சோர்வு ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருப்பதை நாமும் ஒருமுறை சொல்லவைத்ததாக ஆகும்.

கேமரா நகரும் வீடியோ குமட்டும், நிலையாக நிற்கும் கேமரா பெரும்பாலும் குமட்டாது. ரயில் காட்சியில் ஜன்னல் சட்டம் அசையாமல் கண்ணில் படுவதால் ஓரளவு தாங்கும். ரோலர் கோஸ்டர் கூடவே கூடாது. எந்தக் காட்சியையும் முதலில் நீங்கள் முழுவதும் பார்த்துவிடுங்கள். ஆங்கிலத்தில் ‘மூச்சை இழுங்கள், விடுங்கள்’ என்று குரல் வந்தால் அதை அணைத்துவிட்டு இயற்கை ஒலியை மட்டும் விடுங்கள். யாரோ ஒரு அமெரிக்கர் சொல்வதைவிட நீங்கள் பக்கத்திலிருந்து தமிழில் ஒரு வார்த்தை சொல்வது மேல்.

360 டிகிரி கேமரா இரவல் கிடைத்தால் ஊர்க் குளக்கரையையோ தோப்பையோ நீங்களே எடுக்கலாம். உட்கார்ந்தவரின் கண் மட்டத்தில், தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில் ஸ்டாண்டில் வைத்துவிட்டு விலகுங்கள். கேமராவை நகர்த்தாமல் 5 நிமிடம். ஆனால் இறந்துபோனவர்களின் வீடு, பிரிந்துபோனவர்களோடு போன இடம் ஆகியவற்றை ஆரம்பத்தில் எடுக்காதீர்கள். பழைய நினைவு ஒரே நேரத்தில் இனிக்கவும் குத்தவும் செய்யும். அந்த இரண்டையும் தாங்கும் பலம் வந்த பிறகு பார்க்கலாம்.

படி 5: முதல் அமர்வு

எல்லாம் சேர்த்து 40 நிமிடம் ஒதுக்குங்கள். ஹெட்செட் தலையில் இருப்பது அதில் 10 நிமிடம்தான்.

முன்பேச்சு 10 நிமிடம். இன்று எந்தக் காட்சி என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தேர்ந்த பிறகு, ‘உள்ளே போனால் எது கொஞ்சமாவது நன்றாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 0 முதல் 10 வரை எத்தனை?’ என்று கேட்டு எழுதுங்கள். ‘ஒன்று’ என்பார். பரவாயில்லை. பிறகு, ‘இப்போது இந்த நிமிடம் மனம் எப்படி இருக்கிறது?’ என்பதற்கும் ஒரு எண். முதல் எண் துடிப்பைப் பற்றியது, இரண்டாவது ரசிப்பைப் பற்றியது. இரண்டையும் தனித்தனியே எழுதுவதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

பிறகு ஹெட்செட். முதல் 2 நிமிடம் பேசாதீர்கள். அதன்பிறகு மெல்ல, இடைவெளி விட்டு: ‘எந்த இடத்தில் பார்வை நிற்கிறதோ அங்கேயே விடுங்கள்.’ ‘என்ன சத்தம் கேட்கிறது?’ ‘இதில் உங்களுக்குப் பிடித்த நிறம் எது?’ மூன்று நான்கு வாக்கியம் போதும். ‘சந்தோஷமா இருக்கா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி கேட்ட உடனே அவர் காட்சியை விட்டுவிட்டுத் தன் உள்ளே போய்த் தேட ஆரம்பிப்பார், அங்கே ஒன்றும் இருக்காது.

வாயில் எச்சில் ஊறினாலோ நெற்றி வியர்த்தாலோ குமட்டல் வரப்போகிறது, உடனே கழற்றுங்கள், ‘இன்னும் கொஞ்சம் பொறுங்கள்’ வேண்டாம். முடிந்ததும் அரை மணி நேரமாவது இருசக்கர வாகனம் ஓட்டக்கூடாது.

படி 6: கழற்றிய பிறகு

மனச்சோர்வில் இருப்பவர் நல்ல கணத்தை விவரம் இல்லாமல் பொத்தாம்பொதுவாகவே நினைவில் வைக்கிறார். ‘நல்லாதான் இருந்துச்சு’ என்று ஒரு வார்த்தையில் மூடிவிடுவார். அந்த வார்த்தைக்குள் எதுவும் தங்குவதில்லை. கிராஸ்க்கின் முறையில் இதற்கு ஒரு பயிற்சி உண்டு: கண்ணை மூடி, நடந்ததை இப்போது நடப்பதுபோல, நிகழ்காலத்தில், துளித்துளியாகச் சொல்வது. அக்காவுக்கு ரயில் காட்சி காட்டிய தம்பி ஒருவர் இதைச் செய்தால் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“அக்கா, கண்ண மூடிக்கோ. இப்ப எங்க இருக்க?”

“ரயில்ல. ஜன்னல் ஓரமா.”

“வெளிய என்ன தெரியுது?”

“மரம்தான். மரம் மரமா போகுது. ஒரு இடத்துல திடீர்னு வெட்டவெளி, வெயில் உள்ள வருது.”

“வெயில் எங்க படுது?”

“படலடா, அது வீடியோதானே... ஆனா மடியில பட்ட மாதிரி இருந்துச்சு.”

“இருந்துச்சு இல்ல, இருக்கு. இப்ப மடியில வெயில் படுது. உடம்புக்கு எப்படி இருக்கு?”

“தோள் கொஞ்சம் இறங்குது. இவ்வளவு நேரம் தூக்கியே வச்சிருந்தேன்போல.”

அந்தக் கடைசி வரிதான் இந்த 40 நிமிடத்தின் கூலி. அதை அவர் சொன்ன சொற்களிலேயே நோட்டில் எழுதுங்கள், திருத்தாதீர்கள். பிறகு மனநிலை எண்ணை மறுபடி கேளுங்கள். 2 என்று இருந்தது 3 ஆனால்கூட அதைக் கண்முன் காட்டுங்கள். ‘நல்லா இருக்கும்னு 1 போட்ட, வெளிய வந்து மனசு 3ன்ற’ என்று இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்தால், எதிர்பார்ப்பு எவ்வளவு தப்புக்கணக்குப் போடுகிறது என்று அவருக்கே தெரியும். நீங்கள் பாராட்டவும் வேண்டாம், விளக்கவும் வேண்டாம்.

எண் குறைந்தால்? அதுவும் நடக்கும். அழகான இடத்தைப் பார்த்ததும் அழுதுவிடுகிறவர்கள் உண்டு. ‘இப்படியெல்லாம் இருந்தேனே’ என்ற ஒப்பீடு அது. அழுகையை நிறுத்தாதீர்கள், காட்சியை மாற்றுங்கள். இரண்டு அமர்வு தொடர்ந்து குறைந்தால் நிறுத்திவிட்டு ஆலோசகரிடம் பேசுங்கள்.

படி 7: சிரிப்பை அணைக்கும் குரல்

நம் வீடுகளில் குழந்தை விழுந்து விழுந்து சிரித்தால், ‘ரொம்பச் சிரிக்காதே, அழப்போறே’ என்று சொல்வார்கள். கண் பட்டுவிடும் என்று நல்ல செய்தியை மறைப்போம். பெரும்பாலோருக்கு இது வெறும் பழக்கம். மனச்சோர்வில் இருப்பவருக்கு இது உள்ளிருந்து ஓயாமல் பேசும் குரல். கொஞ்சம் தோள் இறங்கியவுடனே வரும்: ‘இது எத்தனை நேரத்துக்கு?’ ‘எனக்கு இதெல்லாம் தகுதியா?’ ‘வீட்ல அவ்வளவு வேலை கிடக்கு, நான் பொம்மை பாத்துக்கிட்டு இருக்கேன்.’ நல்லுணர்வைத் தணித்துவிடும் இந்த எண்ணங்கள் மனச்சோர்வோடு சேர்ந்தே வருவதை உளவியலாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

இதோடு வாதாடினால் தோற்பீர்கள். ‘உனக்குத் தகுதி இருக்கு அக்கா’ என்று நீங்கள் சொன்னால் அவர் மனசுக்குள் மறுத்துவிட்டு வெளியே தலையாட்டுவார். அதற்குப் பதிலாக நோட்டில் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கி, அந்தக் குரல் எந்த நொடியில் வந்தது, என்ன சொன்னது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த அமர்வில், ‘போன தடவை வெயில் வந்ததும் அது பேசுச்சு. இன்னைக்கு எப்ப வருதுன்னு பாரு. வந்தா விரலைத் தூக்கு’ என்று சொல்லுங்கள். விரலைத் தூக்கியதும், ‘சரி. மறுபடி ஜன்னலைப் பாரு.’ அவ்வளவுதான். நாலைந்து முறை இப்படிச் செய்தபின் சிலர் விரலைத் தூக்கும்போதே லேசாகச் சிரிப்பார்கள்.

தன்னையே திட்டிக்கொள்ளும் பழக்கம் மிக ஆழமாக இருப்பவர்களுக்கு வேறு ஒரு வழியை லண்டனிலும் பார்சிலோனாவிலும் இருந்த ஆய்வாளர்கள் முயன்றார்கள். 2016இல் வெளியானது. 15 நோயாளிகள், மூன்று அமர்வுகள், ஒவ்வொன்றும் 8 நிமிடம். ஹெட்செட்டுக்குள் அழுதுகொண்டிருக்கும் ஒரு குழந்தை, நோயாளி ஒரு பெரியவரின் உடலில் இருந்து அதைத் தேற்றுகிறார். பிறகு காட்சி திரும்புகிறது. இப்போது நோயாளியே அந்தக் குழந்தை. எதிரே தன் குரலில், தன் சைகைகளோடு, தான் சொன்ன அதே ஆறுதலைக் கேட்கிறார். ஒரு மாதம் கழித்து 9 பேருக்கு மனச்சோர்வு குறைந்திருந்தது. இதை வீட்டில் செய்ய முடியாது, சிறப்புக் கருவிகள் வேண்டும். ஆனால் அதன் சாரத்தை எடுத்துக்கொள்ளலாம்: அக்கா தன் பெண்ணுக்கு ஆறுதல் சொல்வதுபோல ஒரு நிமிடம் பேசச் சொல்லி, செல்போனில் பதிவுசெய்து, மறுநாள் அவருக்கே போட்டுக்காட்டுவது. எளிதாகத் தெரியும், கேட்பது எளிதல்ல. ஐந்தாறு அமர்வுக்கு முன் முயல வேண்டாம்.

படி 8: செம்பிலிருந்து பம்புக்கு

ஒவ்வொரு அமர்வும் ஒரு சின்ன நிஜ வேலையில் முடிய வேண்டும். 24 மணி நேரத்துக்குள், 10 நிமிடத்துக்குள், காசு அதிகம் ஆகாமல். காட்சியில் அவரை அசைத்தது எதுவோ அதிலிருந்து எடுக்க வேண்டும்.

ரயில் காட்சி பிடித்தது என்பதற்காக ஊட்டி ரயிலுக்கு டிக்கெட் போடாதீர்கள். அக்காவை அசைத்தது ரயிலா? மடியில் பட்ட வெயில். ஆகவே நாளைக் காலை எட்டு மணிக்கு மாடிப்படியில் வெயில் விழும் இடத்தில், காபியோடு, ஐந்து நிமிடம். அடுத்த வாரம் பக்கத்து ஸ்டேஷனில் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து, பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வண்டி வந்து போவதைப் பார்க்கலாம். அதற்கும் முன்னே எதிர்பார்ப்பு எண், பின்னே மனநிலை எண், நிகழ்காலத்தில் சொல்லும் கதை. ஹெட்செட்டில் செய்த அதே மூன்றையும் நிஜத்திலும் செய்கிறோம்.

செய்யாமல் விட்டால்? கேள்வி கேட்காமல் வேலையைப் பாதியாக்குங்கள். மாடிப்படி வரை போக முடியவில்லை என்றால் ஜன்னலைத் திறப்பது. ‘நீங்க முயற்சியே பண்ணல’ என்ற ஒரு சொல், நாலு அமர்வு கட்டியதை இடித்துவிடும்.

படி 9: எத்தனை முறை, எத்தனை நாள்

வாரம் இரண்டு அமர்வு என்று வைத்துக்கொண்டால் ஆறு ஏழு வாரத்தில் 13 அமர்வு வரும். கலிபோர்னியா ஆய்வில் காட்சிக்குள் எழும் நல்லுணர்வு முதல் 7 அமர்வு வரைதான் ஏறியது. புதுமை தீர்ந்துபோவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். அதனால் ஒரே காட்சியை மூன்று முறைக்கு மேல் போடாமல், ஏழாவது அமர்வை ஒட்டிக் கை அசையும் விளையாட்டுகளுக்கு மாறச் சொல்வேன்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மனச்சோர்வின் அளவைப் பார்க்கும் பிஎச்க்யூ-9 வினாத்தாளை நிரப்புங்கள். 9 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. மருத்துவமனைகளில் பயன்படுத்துவதுதான், தமிழிலும் கிடைக்கிறது. முதல் கேள்வியே ஆர்வமும் மகிழ்ச்சியும் குறைந்திருக்கிறதா என்பதுதான். மொத்தம் குறைகிறதா என்பதோடு அந்த ஒரு கேள்வியின் எண்ணையும் தனியாகக் கவனியுங்கள். சாவைப் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு 0 தவிர வேறு எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள், அடுத்த வினாத்தாள் வரை காத்திருக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. அமர்வு இல்லாத நாட்களில் அவர் தனியாக ஹெட்செட்டை எடுத்து இரண்டு மணி, மூன்று மணி என்று உள்ளேயே இருக்க ஆரம்பித்தால் அதை முன்னேற்றம் என்று நினைக்காதீர்கள். வெளியே போவதும் கூடினால் பரவாயில்லை. வெளியே போவது குறைந்து உள்ளே இருப்பது கூடினால் கருவியை நீங்கள் எடுத்துவைத்துக்கொள்ளும் நேரம் அது. இதைத் திடீரென்று பறிப்பதாகச் செய்யாமல் முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: இது அமர்வு நேரத்துக்கு மட்டும் என்று.

பத்தாவது அமர்வுக்குப் பிறகு ஹெட்செட் நேரத்தை 10 நிமிடத்திலிருந்து 5 ஆக்குங்கள், மீதி நேரத்தை நிஜத்தில் நடந்ததைச் சொல்வதற்குக் கொடுங்கள். கடைசி இரண்டு அமர்வில் ஹெட்செட் மேஜையில் இருக்கட்டும், மாட்ட வேண்டாம். அந்த வாரத்தில் நடந்த ஒன்றை, பிளாட்பாரத்தையோ மாடிப்படியையோ, கண்ணை மூடி நிகழ்காலத்தில் சொல்லச் சொல்லுங்கள். அவரால் ஜன்னலும் வெயிலும் இல்லாமலே தோள் இறங்கும் வரை போக முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் இன்னும் நாலு அமர்வு சேர்த்துக்கொள்ளலாம், அவசரம் ஒன்றுமில்லை.

நோட்டு அவரிடமே இருக்கட்டும். மனச்சோர்வு திரும்பி வரக்கூடியது, மறுபடி ‘எனக்கு எப்பவுமே ஒண்ணும் பிடிச்சதில்ல’ என்று சொல்லும் நாளில், அவர் கையெழுத்திலோ உங்கள் கையெழுத்திலோ இருக்கும் அந்த வரிகளைப் படிக்க வேண்டியவர் அவர்தான். ஹெட்செட்டைப் பாதி சார்ஜில் அணைத்து, லென்ஸ் மேல் துணி போட்டுப் பெட்டியில் வையுங்கள். ஜன்னலோரம் வைக்காதீர்கள். லென்ஸ் வழியே வெயில் குவிந்து உள்ளே இருக்கும் திரையைக் கருக்கிவிடும்.